நினைவின் நீளம்

1

எம்மிடம் பாடசாலையிலே தமிழ் கற்ற மாணவனொருவன் இன்று பல்கலைக்கழகத்திற் கணிதம் பயில்கிறான். சென்ற மாதம் ஒரு மாலை வெள்ளவத்தையிலுள்ள எமது வீட்டுக்கு வந்தான். கையிலே ஒரு கட்டுத் தாள். "சேர், இதற்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும்" என்றான்.

அவனது ஆய்வின் பெயரே எம்மை அச்சுறுத்தப் போதுமானதாக இருந்தது: பின்ன வரிசைத் தொகையீட்டுப் பகுதி வகையீட்டுச் சமன்பாடுகளை எண்முறையால் தீர்த்தல். அப்பெயரை அவன் தானே தமிழாக்கிக்கொண்டான். அதிலே அவனுக்கு ஐயம் இருக்கவில்லை. ஐயம் எழுந்தது ஆய்வின் நடுவே வரும் ஓர் உபாயத்தின் பெயரில். கணிக்கும் உழைப்பைக் குறைப்பதற்காக, ஒரு குறிப்பிட்ட நாளுக்கு முந்தியவற்றை எல்லாம் கணக்கிலிருந்து நீக்கிவிடும் உபாயம் அது. அவன் அதனைக் 'குறுநினைவு விதி' என்று எழுதியிருந்தான். உடன் பயிலும் நண்பனோ, "நேரே 'மறதி விதி' என்று எழுது" என்றானாம். எது சரி?

சொல்லாய்வு எமது தொழில். ஆதலால் விடை எளிதென்றே எண்ணினோம். ஆனால் அம்மாணவன் விளக்க விளக்க, இது சொல்லைப் பற்றிய வினா மட்டுமன்று என்பது புலனாயிற்று. கடந்த காலத்தின் எவ்வளவை விட்டுவிட்டு நிகழ்காலத்தைக் கணிக்கலாம்? விட்டதனால் வரும் பிழையை யார் சுமப்பது? விடும் நாளைக் குறிக்கும் உரிமை யாருக்கு? காலி வீதியின் இரு மருங்கும் வாழும் எமக்கு இவை ஏட்டு வினாக்கள் அல்ல. எனவே நாம் விளங்கிக்கொண்ட அளவில் அக்கணிதத்தையும், அது எம்முள் எழுப்பிய அறவியல் வினாவையும் வாசகர் முன் வைக்கின்றோம்.

2

சாதாரண வகையீட்டுச் சமன்பாடு நினைவற்றது. ஒரு தொட்டியில் இப்போது எவ்வளவு நீர் உண்டென்று தெரிந்தால், அடியிலுள்ள துவாரத்தின் வழியே அது இனி எவ்வாறு வடியும் என்று கூறிவிடலாம். அந்நீர் நேற்றைய மழையால் வந்ததா, குழாயால் வந்ததா என்ற கேள்விக்கு அங்கு இடமில்லை. இக்கணத்தின் நிலையே போதும். கடந்தது முழுவதும் அதற்குள் அடங்கிவிட்டது என்பது அச்சமன்பாட்டின் துணிபு. நியூற்றன் காலந்தொட்டு இயற்பியலின் பெரும்பகுதி இத்துணிபின்மீதே எழுந்து நிற்கிறது.

ஆயின் எல்லாப் பொருள்களும் அவ்வாறு மறப்பனவல்ல. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்தை எண்ணிப் பார்ப்போம். தோட்டத்துக்கு இட்ட உரத்தின் நைத்திரேற்று மழைநீரோடு கீழிறங்குகிறது. அதன் ஒரு பகுதி பாறைப் பிளவுகளின் வழியே விரைந்தோடிக் கிணற்றை அடைகிறது. மற்றொரு பகுதி நுண்டுளைகளுக்குள் புகுந்து தங்கி, நெடுநாள் கழித்துச் சிறிது சிறிதாக வெளிவருகிறது. இன்று கிணற்றில் அள்ளும் வாளி நீரில் இன்றைய உரம் மட்டுமா உண்டு? தந்தை இட்டதும் உண்டு. பாட்டன் இட்டதும் இருக்கலாம். இத்தகைய நிலத்தை நினைவற்ற சமன்பாட்டால் எழுதினால் மாசு விரைவில் நீங்கிவிடும் என்று விடை வரும். ஆண்டுகள் கழிந்தும் கிணறு அவ்விடையைப் பொய்யாக்கிக்கொண்டிருக்கும்.

இத்தகைய பொருள்களுக்கென எழுந்ததே எம் மாணவன் பயிலும் சமன்பாடு. இடமும் காலமும் சேர்ந்து மாறுவதாற் பகுதி வகையீடு. முன்னைய கணங்கள் யாவும் கூட்டப்படுவதால் தொகையீடு. வகையீட்டின் வரிசை ஒன்று, இரண்டு என முழு எண்ணாக நில்லாது அரை, முக்கால் என நிற்பதாற் பின்ன வரிசை.

அரை வகையீடு என்பது யாது? இவ்வினா புதியதன்று. 1695 செப்டெம்பர் 30ஆம் நாள் லைப்னிற்ஸ், லோப்பித்தாலுக்கு எழுதிய கடிதத்திலே இது வருகிறது. முரணாகத் தோன்றும் இவ்வெண்ணத்திலிருந்து ஒருநாள் பயனுள்ள விளைவுகள் பிறக்கும் என்று அவர் எதிர்பார்த்தார். 1823இல் நோர்வே நாட்டு இளைஞர் ஆபெல், வளைந்த கம்பியில் வழுக்கி இறங்கும் மணி எடுக்கும் நேரத்திலிருந்து கம்பியின் வடிவைக் காணும் கணக்கில் அதனைப் பயன்படுத்தினார். வறுமையும் காசநோயும் வருத்த, 1829இல் தம் 26ஆம் வயதில் அவர் மறைந்தார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியப் பேராசிரியர் வீற்றோ வோல்ற்றெரா, முறுக்கிய கம்பியும் காந்தமேற்றிய இரும்பும் தமக்கு முன்னர் நேர்ந்தவற்றை மறவாதிருப்பதைக் கண்டு, நினைவுடைய பொருள்களுக்கான தொகையீட்டு வகையீட்டுச் சமன்பாடுகளை வகுத்தார். அவரைப் பற்றி மீண்டும் பேசுவோம். 1967இல் மற்றோர் இத்தாலியரான கப்பூட்டோ, நில அதிர்வலைகள் பூமிக்குள்ளே வலுவிழப்பதை விளக்கப் பின்ன வரிசை வகையீட்டைக் கையாண்டார். அவர் வகுத்த வடிவமே இன்று பெரிதும் வழங்குகிறது.

இதன் உள்ளுறையை ஒரே வரிசை எண்களாற் காட்டலாம். காலத்தைச் சமமான அடிகளாகப் பிரித்து அரை வரிசை வகையீட்டைக் கணிக்கும்போது, இக்கணத்தின் பெறுமானம் 1 என்னும் எடையைப் பெறுகிறது. ஓரடி முந்தியது 1/2, ஈரடி முந்தியது 1/8, அதன்பின் 1/16, 5/128, 7/256 என எடைகள் குறைந்துகொண்டே செல்கின்றன. முந்தியவை யாவும் கழித்தற் குறியோடு வருவன. அவை குறையும், ஆனால் ஒருபோதும் பூச்சியமாகா. முடிவின்றிக் கூட்டினால், கடந்த கணங்களின் எடைகள் யாவும் சேர்ந்து சரியாக 1 ஆகின்றன. அதாவது, நிகழ்காலம் ஒரு தட்டிலும் கடந்த காலம் முழுவதும் மறுதட்டிலும் வைக்கப்பட்டால் தராசு சமனாக நிற்கிறது. மெய்யியலார் பக்கம் பக்கமாக எழுதிய ஒன்றை இவ்வெண் வரிசை ஓசையின்றிச் சொல்லிவிடுகிறது.

3

இங்குதான் உழைப்பின் பிரச்சினை எழுகிறது. ஒவ்வோர் அடியிலும் முந்திய அடிகள் யாவற்றையும் மீண்டும் கூட்ட வேண்டும். 1,000 அடிகளுக்கு ஏறத்தாழ 5 இலட்சம் பெருக்கல்கள். 10,000 அடிகளுக்கு 5 கோடி. காலம் இருமடங்கானால் உழைப்பு நான்மடங்காகும். இதுவும் நிலத்தின் ஒரு புள்ளிக்கு மட்டுமே. நிலமோ பல்லாயிரம் புள்ளிகளைக் கொண்டது. கணினியும் களைத்துப்போகும்.

எனவே கணிப்போர் ஓர் எல்லை வகுத்தனர். இன்றிலிருந்து பின்னோக்கி இத்தனை அடி வரையுமே பார்ப்போம்; அதற்கு அப்பாலுள்ளவற்றை விட்டுவிடுவோம். இதுவே மாணவன் பெயர் தேடிய விதி. 1999இல் பொட்லுப்னி எழுதிய நூலின் வழியாக இது பரவலாக அறியப்பட்டது.

இவ்விதியைக் குறைகூற நாம் முனையவில்லை. தோராயம் இன்றேல் மனித அறிவே இல்லை. இதற்குத் தமிழ் நிலத்திலேயே சான்றுண்டு. 1825இல் சென்னையில் வெளியான 'காலசங்கலித' என்னும் நூலிலே ஜோன் வாரன், தாம் புதுச்சேரியிற் கண்ட பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றி எழுதுகிறார். அக்கணிதர் தரையிலே சோழிகளைப் பரப்பி, சொற்களாகவும் அசைகளாகவும் மனப்பாடம் செய்திருந்த வாய்பாடுகளைக் கொண்டு, அவ்வாண்டு மே 31 இரவுக்குரிய சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்கத்திற்கு அவர் சொன்ன நேரம் 4 நிமிடம் பிசகிற்று. நடுவுக்குச் சொன்னது 23 நிமிடம். முடிவுக்குச் சொன்னது 52 நிமிடம். ஏடுமின்றி, எழுதுகோலுமின்றி, சோழிகளாற் கண்ட விடை இது. 1952இல் நொய்கெபவர் என்னும் கணித வரலாற்றறிஞர் இதனை வியந்து எடுத்துக்காட்டினார்.

வியப்பிற்குரியது பிழை சிறிதாயிருந்தது மட்டுமன்று. பிழை அளக்கப்பட்டதும் ஆகும். கொழும்பிலே இன்றும் எம்மவர் வீடுகளில் வாக்கிய பஞ்சாங்கமும் உண்டு, திருக்கணித பஞ்சாங்கமும் உண்டு. முன்னையது வழிவழி வந்த வாய்பாட்டை நம்புவது. பின்னையது வானத்தைப் பார்த்துக் கணக்கைத் திருத்துவது. இரண்டும் வேறுபடும் நாளில் வீட்டிலே வாதம் எழும். அவ்வாதம் நன்று. ஏனெனில், கணக்கு வேறு, வானம் வேறு என்பதை அது நினைவூட்டுகிறது. தோராயம் குற்றமன்று. தோராயத்தை முழு உண்மையெனக் கூறி, பிழையின் அளவை மறைப்பதே குற்றம்.

நேர்மையான கணிதன் கடந்த காலத்தை வெட்டும்போது, வெட்டினால் விளையும் பிழை இவ்வளவைத் தாண்டாது என்று அருகே எழுதிவைக்கிறான். அதை எழுதப் புகும்போதே ஓர் உண்மை அவனுக்குத் தெரியவருகிறது. மேலே காட்டிய வரிசையில் 100ஆம் அடியின் எடை மட்டும் 10,000இல் 3 பங்கிலும் குறைவு. அற்பம் என்று தள்ளிவிடத் தோன்றும். ஆனால் அதற்கு அப்பாலுள்ள அற்பங்கள் யாவற்றையும் கூட்டினால் ஏறத்தாழ 18இல் ஒரு பங்கு வருகிறது. அதனைப் பத்திலொன்றாகக் குறைக்க 1,000 அடி போதாது; 10,000 அடி பின்னோக்கிச் செல்ல வேண்டும். அடிக்கு அடி பாதியாகத் தேயும் நினைவாயின் பத்தடியில் ஆயிரத்திலொன்றாகிவிடும். அதனை அச்சமின்றி வெட்டலாம். இந்நினைவு அத்தகையதன்று. தனித்தனியே அற்பமானவை கூடிநின்று கனக்கின்றன.

4

இனி எமது நாட்டிற்கு வருவோம்.

1983 யூலை 24 இரவு பொரளையிலே தொடங்கிய தீ அடுத்த நாட்களில் வெள்ளவத்தையை அடைந்தது. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடுகளைத் தேடி வந்தனர் என்பதைத் தப்பியோர் பலரும் கூறியுள்ளனர். நாம் அப்போது பிறக்கவில்லை. எனினும் எமது ஒழுங்கையிலே இன்றும் இரவில் ஒரு கூட்டத்தின் ஓசை கேட்டால், அது திருவிழாக் கூட்டமே ஆயினும், முதியோர் விளக்கை அணைத்துவிட்டுச் சாளரத்தருகே நிற்பதைக் கண்டு வளர்ந்தோம். நாம் காணாத இரவொன்று எமது பழக்கத்துக்குள்ளே இருக்கிறது. சமூகம் தொட்டி நீரன்று. சுண்ணக்கல் நிலம் என்று சொல்லத் தோன்றுவது இதனாலேயே.

நாட்டிலே உண்மையைக் காணவென அமைந்த ஆணைக்குழுக்களின் ஆணைப் பத்திரங்களை எடுத்துப் பார்ப்போம். ஒவ்வொன்றிலும் ஒரு தொடக்க நாள் இருக்கும். 1994இல் காணாமற்போனோரைப் பற்றி விசாரிக்க அமைந்த ஆணைக்குழுக்களுக்கு அந்நாள் 1988 சனவரி 1. அதற்கு முந்திய ஆண்டுகளிற் பிள்ளையை இழந்த தாய் அவ்வாசலுக்கு வெளியே நின்றாள். 2001இல் இனவன்முறை பற்றி அமைந்த உண்மை ஆணைக்குழுவிற்குக் கொடுத்த எல்லை 1981 முதல் 1984 வரை. 1958உம் 1977உம் அதற்குள் வரவில்லை. 2010இல் அமைந்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவிற்குக் குறித்த காலம் 2002 பெப்ரவரி 21 முதல் 2009 மே 19 வரை. அதன் அறிக்கை சிற்சில இடங்களிலே எல்லையைத் தாண்டி வேர்களைத் தொட்டது என்பதையும் கூறவேண்டும். இது கொழும்பின் வழக்கம் மட்டுமன்று. 2014இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமை அலுவலகம் மேற்கொண்ட விசாரணையும் அதே 2002 பெப்ரவரியிலேயே தொடங்கிற்று.

விசாரணைக்கு எல்லை வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். எல்லையின்றி விசாரிக்கும் குழு எதையும் முடிக்காது; கணினி களைப்பது போலவே குழுவும் களைக்கும். எமது வினா எல்லையைப் பற்றியதன்று. எல்லைக்கு அருகே எழுதப்படாது விடப்பட்ட பிழையின் அளவைப் பற்றியது. 2002இலிருந்து கணக்கைத் தொடங்குவோர், 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தையும், 1956இன் மொழிச் சட்டத்தையும், 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த இரவையும் நாம் பூச்சியமாகக் கொண்டோம், எனவே எமது முடிவு இவ்வளவு தூரம் பிழைக்கலாம் என்று முதற்பக்கத்தில் எழுதியதுண்டா? எழுதியிருந்தால் அவர்களை நேர்மையான கணிதர் என்று வணங்கலாம்.

வெட்டும் எல்லை எங்கும் ஒரே அளவாகச் சுமத்தப்படுவதுமில்லை. 1948இன் 18ஆம் இலக்கச் சட்டம் மலையகத் தொழிலாளியிடம் தந்தை பிறந்த இடத்திற்குச் சான்று கேட்டது. அதாவது, அவனிடம் மட்டும் நெடிய நினைவைக் கேட்டது. அதுவும் பத்திரத்தில் பதிந்த நினைவை. தேயிலைக் கொழுந்து பறித்தவர்களின் பாட்டன்மாருக்குப் பிறப்புச் சாட்சிப் பத்திரம் ஏது? இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். அவர்களின் வழிவந்தோருள் எஞ்சியோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது 2003இல். இடையே 55 ஆண்டுகள். உழைப்பவன் உரிமை கேட்டால் நெடிய நினைவு கேட்கப்படுகிறது. அவன் அநீதியை முறையிட்டாற் குறுகிய நினைவு விதிக்கப்படுகிறது. நினைவின் நீளத்தை அதிகாரம் தன் வசதிக்கேற்ப நீட்டியும் சுருக்கியும் அளக்கிறது. இதனைக் காணாத அறவியல் வெறும் உபதேசமாகவே முடியும்.

'பழையதை விடுங்கள், இன்றிலிருந்து தொடங்குவோம்' என்ற குரலை நாம் நன்கறிவோம். நல்லெண்ணத்தோடு சொல்வோரும் உளர். ஆனால் அவ்வாக்கு நினைவற்ற பொருளுக்கு மட்டுமே பொருந்தும். அங்கே எந்நாளையும் தொடக்க நாளாகக் கொள்ளலாம், விடை மாறாது. நினைவுடைய பொருளில் தொடக்க நாளை மாற்றினாற் சமன்பாடே மாறிவிடும். 2007 யூன் 7ஆம் நாள் அதிகாலை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களின் விடுதிகளிலிருந்து முந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வடக்கிற்கும் கிழக்கிற்கும் அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. பிரதமர் வருத்தமும் தெரிவித்தார். அன்றிலிருந்து மட்டும் கணக்கெடுத்தால் அஃது ஒருநாட் பிழை. விரைவிலே திருத்தப்பட்ட பிழை. ஆனால் அப்பேருந்தில் இருந்த முதியவருக்கு அஃது ஒருநாளாக இருந்திருக்குமா? 1958இலும் 1983இலும் ஏதிலிகளாகக் கப்பலேறி வடக்கே சென்றோரின் கதைகளை அவர் கேட்டிருப்பார். தாமே சென்றவராகவும் இருக்கலாம்.

5

எமது கருத்துக்கு மூன்று தடைகள் எழக்கூடும்.

முதலாவது: சமூகம் சமன்பாடன்று. உண்மை. மனிதன் சுண்ணக்கல்லுமல்லன், அவன் தன் நினைவைத் தானே ஆராய்ந்து மாற்ற வல்லவன். கணிதத்தைச் சமூகத்தின்மீது அப்படியே கவிழ்ப்பது நேர்மையாகாது. நாம் அதிலிருந்து எடுப்பது விடையன்று, ஓர் ஒழுக்கத்தையே: விட்டதைச் சொல், விட்டதன் அளவைச் சொல் என்னும் ஒழுக்கம்.

இரண்டாவது: நெடிய நினைவு பழியை வளர்க்கும். எல்லாளனும் துட்டகைமுனுவும் பொருதியது கி.மு. 2ஆம் நூற்றாண்டிலே. இன்றும் அப்போர் நேற்று நடந்ததுபோல் மேடைகளிற் பேசப்படுகிறது. நினைவு இத்தகையதாயின் மறதியே மேலன்றோ? இத்தடை வலியது. ஆயின் இங்கு நிகழ்வது நினைவின் மிகுதியன்று, எடையின் பொய். ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய போருக்கு நேற்றைய எடையைக் கொடுப்பதும், நாற்பது ஆண்டுக்கு முந்திய தீக்குப் பூச்சிய எடையைக் கொடுப்பதும் ஒரே பிழையின் இரு முகங்கள். இரண்டையும் ஒரே மேடையில் ஒருவரே செய்வதைக் கண்டிருக்கிறோம்.

எடை எவ்வாறு குறைகிறது என்பதற்குக் கொட்டாஞ்சேனையே சான்று. 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு நாள், அங்கே பௌத்தரின் ஊர்வலமொன்று கத்தோலிக்கரோடு மோதலாகி இரத்தம் சிந்தியது. அக்காலத்தில் அது நாட்டையே உலுக்கிய நிகழ்ச்சி. இன்று கொட்டாஞ்சேனையில் அதனை நினைந்து கதவை அடைப்பார் எவருமில்லை. வரலாறு கற்போரே அதனை அறிவர். 2019 ஏப்பிரல் 21, மற்றோர் உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலே குண்டு வெடித்தது. இவ்விரு ஞாயிறுகளையும் முடிச்சுப் போடுவோர் நாட்காட்டியை நினைவென்று மயங்குவோர். இரண்டாவதன் காரணங்கள் முற்றிலும் வேறு. 1883இன் மோதல் எடை இழந்தது ஏன்? மறக்குமாறு எவரும் ஆணையிட்டதனாலன்று. அவ்வகை மோதல் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படாது நின்றமையாலும், இருசாராரும் அதே தெருவில் சமநிலையோடு வாழ முடிந்தமையாலுமே.

இதுவே எமது கட்டுரையின் மையக் கருத்து. மறதி ஆணையால் வருவதன்று. புதிய அநீதி சேராது நின்றபின், பழைய அநீதியின் எடை காலத்தாற் குறைகிறது, மெதுவாகவேனும் குறைகிறது. 1956இன்மேல் 1958ஐயும், அதன்மேல் 1977ஐயும், 1981ஐயும், 1983ஐயும் அடுக்கிவிட்டு, பாதிக்கப்பட்டவனை நோக்கி 'ஏன் இன்னும் மறக்கவில்லை' என்று கேட்பது, கிணற்றருகே உரத்தைக் கொட்டிக்கொண்டே நீர் ஏன் இன்னும் தெளியவில்லை என்று வினவுவதை ஒக்கும்.

மூன்றாவது தடையை வெளியிலிருந்து எவரும் எழுப்ப வேண்டியதில்லை. நாமே எம்மை நோக்கி எழுப்பவேண்டியது. கூட்டலிலே எமக்குச் சாதகமான உறுப்புகளை மட்டும் எடுத்துக்கொள்ளும் உரிமை எவருக்குமில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடபுலத்து முஸ்லிம்களை வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரத்தவருக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். 1983ஐ நினைவிற்கொண்டு 1990ஐ மறக்கும் தமிழன், மற்றவன் கணக்கிற் கண்ட பிழையைத் தன் கணக்கிற் செய்கிறான். இடதுசாரிகளாகிய எமக்கும் ஓர் உறுப்பு உண்டு. 1948இல் பிரசாவுரிமைச் சட்டத்தையும் 1956இல் தனிச்சிங்களச் சட்டத்தையும் எதிர்த்து நின்ற பெருமை எம்மவர்க்கு உரியது. 1956இல் எதிர்த்தோரின் முன்வரிசையில் நின்ற கொல்வின் ஆர். டி சில்வாவே, அரசியலமைப்பு அமைச்சராக இருந்து 1972இன் அரசியலமைப்பை முன்னின்று இயற்றினார். சிங்களத்தின் தனியிடம் அதனுள் உறுதியாயிற்று; சிறுபான்மையோருக்குக் காப்பாக இருந்த 29ஆம் பிரிவு மறைந்தது. எமது கூட்டங்களில் 1956 பேசப்படும். 1972 பேசப்படுவது அரிது. இதுவும் குறுநினைவு விதியே. பிழையின் அளவை நாமும் எழுதவில்லை.

6

முழுவதையும் சுமக்கவும் இயலாது, வெட்டவும் கூடாது என்றால் என் செய்வது? கணிதர் இதற்கும் ஒரு வழி கண்டுள்ளனர். 2001இல் ஃபோர்ட், சிம்சன் என்னும் இருவர் காட்டிய முறை இது. அண்மைக் காலத்தை நெருங்கிய அடிகளாற் பார்; அதற்கு முந்தியதை இருமடங்கு இடைவெளியிட்டுப் பார்; அதற்கும் முந்தியதை நான்மடங்கு இடைவெளியில். இவ்வாறு செய்தால் உழைப்பு பெரிதும் குறையும். ஆயின் தொடக்கம் வரை எந்தக் காலமும் முற்றாக நீக்கப்படுவதில்லை. தொலைவிலுள்ளது நுட்பத்தை இழக்கிறது, இடத்தை இழப்பதில்லை.

ஆசிரியராகிய எமக்கு இது பெரிய ஆறுதலைத் தந்தது. எம் வகுப்பிலே 15 வயதுப் பிள்ளைகள் இருக்கின்றனர். 1983இன் ஒவ்வொரு வீட்டையும் ஒவ்வொரு தீக்காயத்தையும் அவர்கள் தலையில் ஏற்ற வேண்டியதில்லை. அவ்வாறு செய்வது கொடுமையும் ஆகும். ஆயின் அவ்விடத்தை வெற்றிடமாக விட எமக்கு உரிமையில்லை. என்ன நடந்தது, யாரால், எதன் தொடர்ச்சியாக, எமது பக்கத்தில் என்ன தவறு என்ற பருமையான கோடுகளேனும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும். சிங்களப் பிள்ளைக்கு 1983 கிடைக்க வேண்டும். தமிழ்ப் பிள்ளைக்கு 1990 கிடைக்க வேண்டும். இருவருக்கும் 1971இலும் 1987 முதல் 1989 வரையிலும் தெற்கிலே கொன்று எரிக்கப்பட்ட சிங்கள இளைஞரின் கதையும் கிடைக்க வேண்டும். இவற்றை ஒரே கூட்டலில் வைத்துப் பார்க்கும் தலைமுறைதான், பகைமை எங்கிருந்து ஊட்டப்பட்டது, அதனால் வாழ்ந்தவர் யாவர் என்று கேட்கத் தொடங்கும்.

வோல்ற்றெராவைப் பற்றி மீண்டும் பேசுவோம் என்றோம். 1931இல் முசோலினியின் அரசு, பல்கலைக்கழகப் பேராசிரியர் யாவரும் பாசிச ஆட்சிக்கு விசுவாசமாக இருப்பதாகச் சத்தியம் செய்யவேண்டும் என்று கட்டளையிட்டது. ஏறத்தாழ 1,200 பேராசிரியருள் மறுத்தோர் ஒரு டசின் பேரே. அவர்களுள் ஒருவர் வோல்ற்றெரா. அப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. உரோமாபுரிப் பல்கலைக்கழகத்திலே தமது பதவியை இழந்தார், 1940இல் மறைந்தார். சத்தியம் செய்த மற்றோர் யாவரும் தீயோரல்லர். குடும்பமும் பிழைப்பும் அவர்களுக்கு இருந்தன. இன்றிலிருந்து புதிதாகத் தொடங்குவோம் என்று அவர்களும் தம்மைத் தேற்றியிருக்கக்கூடும். இரும்பிற்கும் நினைவுண்டு என்று எழுதிய மனிதரால் மட்டும் நேற்றுவரை தாம் கொண்ட கொள்கையை ஒரு கையெழுத்தில் வெட்டிவிட முடியவில்லை. அவரது கணிதம் அவருக்கு அத்துணிவைத் தந்தது என்று கூற எம்மிடம் சான்றில்லை. ஆனால் அக்கணிதமும் அத்துணிவும் ஒரே மனிதரிடம் இருந்தன என்பது வரலாறு.

மாணவனுக்கு விடை எழுதிவிட்டோம். 'மறதி விதி' வேண்டாம். மறதி தன்னையறியாமல் நிகழ்வது, இவ்வெட்டோ தெரிந்தே செய்யப்படுவது. 'குறுநினைவு விதி' என்பதையே வைத்துக்கொள். ஆனால் அச்சொல் வருமிடமெல்லாம், எந்நாளிலிருந்து கணக்கிட்டாய், அதனால் விடை எவ்வளவு பிழைக்கலாம் என்ற இரண்டையும் அடுத்த வரியிலேயே எழுது. அவ்விரண்டும் இல்லாத கணக்கை உன் பேராசிரியர் ஏற்கமாட்டார். நாட்டின் கணக்கை எழுதுவோரிடமும் அவ்விரண்டையும் கேட்கும் மனிதனாக நீ வளர வேண்டும்.